கேக்காமலே வந்து நிக்கிற ஏஐ-யை எங்கெங்க ஆஃப் பண்ணலாம்? கொலுசுப் பட்டறைக்காரன் கேள்வி

கேள்வி: செவ்வாய்பேட்டை பட்டறை

எல்லாருக்கும் வணக்கமுங்க. சேலம் செவ்வாய்பேட்டையில கொலுசுப் பட்டறை. அப்பா காலத்துத் தொழில். கம்பி இழுக்கிறது ஒரு வீடு, கண்ணி பின்றது ஒரு வீடு, பத்த வைக்கிறது (சூடு காட்டி ஒட்டறது), பாலிஷ்னு ஆளுங்க சிவதாபுரம், பனங்காடுன்னு பரவி இருக்காங்க. போன் இல்லாம எங்க வேலை ஒரு நாளும் ஓடாது. எடை, டச் (வெள்ளியோட சுத்தம்), கூலி, சேதாரம் எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான்.

"காலத்துக்கு ஏத்த மாதிரி மாறுங்கண்ணே"ன்னு சொல்ல வர்றவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். டை (அச்சு) மெஷின் வந்துச்சு, எலக்ட்ரானிக் தராசு வந்துச்சு, ஜிஎஸ்டி பில் வந்துச்சு, எல்லாத்துக்கும் மாறியாச்சு. அதெல்லாம் வேணும்னு காசு குடுத்து வாங்கினது, இல்லைன்னா சட்டம்னு வந்தது. இந்த ஏஐ-யை நான் கேக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல.

இருக்கறதுலயே பெரிய தலைவலி டிசைன்தான். எங்களுக்கு ஆந்திரா பக்கம் வியாபாரம் ஜாஸ்தி. முன்னெல்லாம் ஆர்டர் குடுக்கறவர் பழைய சாம்பிளைத் தராசு மேலயே வச்சு போட்டோ எடுத்து அனுப்புவார். எடையும் தெரியும், வேலைப்பாடும் தெரியும். இப்ப வர்றதெல்லாம் ஏஐ போட்ட படம். பாக்க அம்சமாத்தான் இருக்கு. சமீபத்துல வந்த ஒண்ணை விரலால பெருசாக்கிப் பாத்தேன். ஒரு கண்ணி அடுத்த கண்ணிக்குள்ள போகவே இல்லீங்க, ஒட்டிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். மயில் கழுத்து முடியற இடத்துல சங்கிலி அந்தரத்துல தொடங்குது. திருகு இருக்கு, அது போய் மாட்டற மரை இல்ல. இடது கால்ல சலங்கை பதினொண்ணு, வலது கால்ல ஒம்பது. அவர் கேக்கற எடை ஜோடி 60 கிராம். அந்த அகலத்துக்கு 200 கிராம் போட்டாலும் நிக்காது.

இது செய்ய முடியாதுங்கன்னா, "நீங்க செய்யலைன்னா குஜராத்ல ராஜ்கோட்ல குடுத்துக்கறேன்"ங்கறார். ராஜ்கோட்காரன் மட்டும் அந்தரத்துல கண்ணி கோப்பானாங்க?

அடுத்தது போன். வாட்ஸ்அப்ல மூலையில ஒரு நீல வளையம் வந்து உக்காந்திருக்கு. ஆளைத் தேடலாம்னு தொட்டா "என்ன வேணும் கேளுங்க"ங்குது. போனை ஆஃப் பண்ண பட்டனை அழுத்தினா அதுக்கும் ஒண்ணு எந்திரிச்சு வருது. ஆஃப் பண்ற பட்டனையுமா விட்டு வைக்க மாட்டாங்க?

பேங்க் கதை தனி. கரண்ட் அக்கவுண்ட்ல வர வேண்டிய பணம் ஒண்ணு நடுவுல மாட்டிக்கிச்சு. கஸ்டமர் கேருக்குப் போட்டா ஒரு பொண்ணு குரல். ஆனா பேசறது மெஷின். "உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது"ங்குது. புரிஞ்சா எதுக்குத் திரும்பத் திரும்ப பேலன்ஸ் சொல்லணும்? மனுசங்கிட்ட குடும்மான்னு தமிழ்ல கத்திப் பாத்தாச்சு, இங்கிலீஷ்லயும் கத்திப் பாத்தாச்சு.

கடைசியா எங்கம்மா. சுகர் இருக்கு. மாத்திரை பேரைப் போன்ல தேடியிருக்கு. எல்லாத்துக்கும் மேல ஏஐ எழுதின பதில் ஒண்ணு வந்திருக்கு. அதைப் படிச்சுட்டு ராத்திரி மாத்திரையை நிறுத்திடுச்சு. தங்கச்சி அட்டையை எண்ணிப் பாத்ததாலதான் தெரிஞ்சுது.

எதை எதை ஆஃப் பண்ணலாம், எதை முடியாது? முடியாத இடத்துல நீங்கல்லாம் என்ன பண்றீங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஏஐ நல்லதா கெட்டதான்னு விவாதம் வேண்டாமுங்க, அதுக்கு டிவி இருக்கு.

---

பதில்: சூரமங்கலம் மொபைல் சர்வீஸ்

அண்ணே, ஜங்ஷன் பக்கம் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். "தம்பி, இந்த வளையத்தை எடுத்து விடு"ன்னு கேட்டு தினமும் யாராவது வர்றாங்க. உள்ளதைச் சொல்லிடறேன்.

வாட்ஸ்அப் வளையம்: அதுதான் மெட்டா ஏஐ. இந்தியாவுக்கு 2024 ஜூன்ல வந்தது. சுத்தமா எடுக்க வழி குடுக்கல. சட்டையில ஒட்டின நாயுருவி மாதிரிதான். லிஸ்ட்ல மெட்டா ஏஐ பேர்ல ஒரு சாட் இருந்தா அதை அழிச்சுடலாம், பாதித் தொல்லை குறையும். எவனாவது "பழைய வெர்ஷன் போட்டுக்கோ, வளையம் இல்லாத ஆப் இது"ன்னு லிங்க் அனுப்பினா தொடவே தொடாதீங்க. அந்த மாதிரி போட்டுட்டு அக்கவுண்ட் போச்சுன்னு வர்ற கேஸ்தான் என் கடையில ஜாஸ்தி.

குரூப்புக்கு ஒரு வசதி இருக்கு. குரூப் பேரைத் தொட்டு உள்ள போனா "அட்வான்ஸ்டு சாட் பிரைவசி"ன்னு இருக்கும், 2025 ஏப்ரல்ல விட்டாங்க. அதை ஆன் பண்ணினா அந்தக் குரூப்புக்குள்ள யாரும் ஏஐ-யைக் கூப்பிட முடியாது, மொத்த சாட்டையும் வெளிய எடுக்க முடியாது. ஆனா உங்களுக்கு ஒரு இடைஞ்சல் இருக்கு: வர்ற போட்டோ தானா கேலரியில விழாது. ஆர்டர் குரூப்ல யோசிச்சுப் போடுங்க, சொந்தக்காரங்க குரூப்ல தாராளமாப் போடுங்க.

இதை வச்சே ஒரு ஃபார்வர்டு சுத்துச்சு, "இதை ஆன் பண்ணலைன்னா ஏஐ உங்க குரூப் மெசேஜ் எல்லாத்தையும் படிக்கும்"னு. பொய். யாராவது குரூப்புல அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுதறதுதான் அதுக்குப் போகும். மத்தபடி நீங்க அனுப்பற எடையும் கூலியும் அதுக்குத் தெரியாது.

பவர் பட்டன்: ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் தேடற இடத்துல "பவர் பட்டன்"னு அடிங்க. அழுத்திப் பிடிச்சா அசிஸ்டென்ட் வரணுமா, பவர் மெனு வரணுமான்னு கேக்கும். பவர் மெனுன்னு மாத்திடுங்க. சாம்சங்ல அதுக்கு "சைடு பட்டன்"னு பேரு. கூடவே கூகுளோட ஏஐ-யான ஜெமினி ஆப் உள்ள போய் "ஆக்டிவிட்டி"யையும் ஆஃப் பண்ணிடுங்க. ஆஃப் பண்ணினாலும் நீங்க பேசறதை 72 மணி நேரம் வரைக்கும் வச்சிருப்போம்னு கூகுளே எழுதி வச்சிருக்கான். அதனால அதுங்கிட்ட வியாபாரம் பேசாதீங்க.

தேடறது: கூகுள்ல மேல வர்ற ஏஐ பதில் நம்ம நாட்டுக்கு 2024 ஆகஸ்ட்ல வந்தது. அதுக்கு ஆஃப் பட்டன் கிடையாது. தேடினதும் மேல "எல்லாம், படங்கள், வீடியோ"ன்னு வரிசை வருமில்ல, அதைத் தள்ளிக்கிட்டே போனா "வெப்"னு ஒண்ணு இருக்கும். தொட்டீங்கன்னா பழைய மாதிரி வெறும் லிங்க் மட்டும் வரும். தேடற வார்த்தைக்குப் பின்னாடி ஒரு இடம் விட்டு மைனஸ் குறி போட்டு, ஒட்டினாப்ல இங்கிலீஷ்ல ஏஐ-ன்னு அடிச்சாலும் பெரும்பாலும் அந்தப் பதில் வராது. அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது. டக்டக்கோ பிரவுசர் போட்டு, செட்டிங்ஸ்ல ஏஐ பதில் "எப்பவும் வேண்டாம்"னு வச்சுக் குடுத்துடுங்க. என் அத்தைக்கு அப்படித்தான் வச்சிருக்கேன்.

பில் போடற கம்ப்யூட்டர்ல வேர்டு இருந்தா: ஃபைல், ஆப்ஷன்ஸ், கோபைலட் (மைக்ரோசாஃப்ட்டோட ஏஐ). அங்க ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க. வின்டோஸ்ல கோபைலட் ஆப்பை மத்த ஆப் மாதிரியே அன்இன்ஸ்டால் பண்ணலாம். ஜிமெயில்ல "ஸ்மார்ட் ஃபீச்சர்ஸ்" ஆஃப் பண்ணினா நீங்க எழுதறதுக்கு முன்னாடியே அது எழுதறது நிக்கும். ஆனா விளம்பர மெயிலைத் தனியாப் பிரிச்சு வைக்கறதும் கூடவே நின்னுடும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

ஒண்ணு மறந்துடாதீங்க. அப்டேட் ஆனதும் சில ஆன் பட்டன் தானா முளைக்கும். பெரிய அப்டேட் வந்தா ஒரு தடவை செட்டிங்ஸ் பாத்துடுங்க.

---

பதில்: ஏற்காடு ஹோம்ஸ்டே

அண்ணா, உங்க கொலுசுப் படத்தைப் படிச்சுட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் சிரிச்சுட்டோம். சிரிக்கறதுக்கு காரணம், எங்களுக்கும் அதே கதைதான்.

நாங்க நாகலூர் போற வழியில ரெண்டு ரூம் விட்டிருக்கோம். சுத்தி காபி, சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி. வர்றவங்க இப்ப போன்ல ஏஐ போட்டுக் குடுத்த பிளானோட வர்றாங்க. "காலையில தேயிலைத் தோட்டத்துல நடை"ன்னு முதல் வரியே இருக்கும். இது ஊட்டி இல்ல சாமி. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை காபிச் செடி கொண்டாந்து வச்ச மலை. எங்களுக்கு காபியும் மிளகும்தான். சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க, திரும்பப் போனையே கேக்கறாங்க. அது "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி"ங்குது. அடுத்த ஆளுக்கு மறுபடி தேயிலை.

கிளியூர் அருவி இன்னொண்ணு. மழை பெஞ்சாத்தான் அங்க தண்ணி. ஏப்ரல்ல வர்றவங்க கையில வெள்ளமாக் கொட்டற படம் வச்சிருக்காங்க. அவ்வளவு படி இறங்கிப் பாறையைப் பாத்துட்டு ஏறி வந்து எங்ககிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க. ஒருத்தர் ரிவ்யூவுல "அருவி இல்லை"ன்னு ஒரு ஸ்டார் குடுத்துட்டுப் போனார். அருவியை நாங்களாண்ணா வச்சு நடத்தறோம்?

நான் என்ன பண்றேன்னா, ரூம் புக் ஆனதும் டைப் பண்ணாம என் குரல்ல மெசேஜ் போடறேன். "கண்ணு, இங்க காபித் தோட்டம்தான், மதியத்துக்கு மேல பனி இறங்கும், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் காலையிலயே முடிச்சுடுங்க, அருவி இப்ப காஞ்சு கிடக்கு"ன்னு. கூட அன்னைக்கு எடுத்த வீடியோ ஒண்ணு, நான் பின்னாடி பேசற சத்தத்தோட. பின்னாடி எங்க நாய் குரைக்கும், அதையும் விட்டுடுவேன். அதுக்கப்புறம் சண்டை ரொம்பக் குறைஞ்சு போச்சு. கொண்டை ஊசி வளைவு இருபது ஏறணும், குழந்தைக்கு வாந்தி வந்தா எங்க நிறுத்தலாம்னுகூட சொல்லிடுவேன். அதெல்லாம் எந்த ஏஐ சொல்லுது?

மெஷின் குரலால மனசு வெறுத்துப் போன எல்லாருக்கும் ஒரு விசயம்: மலையில கரண்ட் போனா மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987 போடறோம். ஆள் எடுக்கறாங்க. கரண்ட் வர்றது நேரமாகலாம், ஆனா நம்ம பேசறது ஒருத்தர் காதுல விழுது.

---

பதில்: ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், அஸ்தம்பட்டி

தம்பி, பேங்க் விசயத்துக்கு மட்டும் வருகிறேன். அந்தக் குரலோடு மல்லுக்கட்டுவதை இன்றோடு விடுங்கள். அதனிடம் பேசிப் பேசி உங்களுக்குக் களைப்பு வரும், அதற்கு வராது.

கணக்கு இருக்கும் கிளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். தேதி, தொகை, பரிவர்த்தனை எண் மூன்றும் இருக்கட்டும். இரண்டு பிரதி. ஒன்றில் சீல், கையெழுத்து வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். "ஆன்லைனில் போடுங்க சார்" என்பார்கள். "போட்டுக்கொள்கிறேன், இதையும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நில்லுங்கள். கூடவே வங்கியின் மின்னஞ்சலிலும் புகார் பதிந்து எண் வாங்கிவிடுங்கள்.

முப்பது நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448. நான் வேலையில் இருந்த காலத்தில், "ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதப் போகிறேன்" என்று வாடிக்கையாளர் சொன்னதுமே மேனேஜர் நாற்காலி இழுத்துப் போட்ட காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விளம்பர அழைப்புகளுக்கு: 1909-க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட், ஓர் இடைவெளி, பூஜ்யம் என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் எல்லா வகை விளம்பரங்களையும் தடுக்கலாம். 140-ல் தொடங்குவது விளம்பரம். வங்கிகள், நிதி நிறுவனங்கள் சேவைக்காக அழைக்க 1600-ல் தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "பேங்க்ல இருந்து பேசறேன்" என்றால் வைத்துவிடுங்கள்.

குரலையே நகல் எடுக்கிறார்கள் இப்போது. பேரன் குரலில் அழுது பணம் கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஏற்பாடு என்னவென்றால், "நாம எப்பவும் தட்டுவடை செட் சாப்பிடற கடை எது?" என்று கேட்போம். பதில் எந்த இன்டர்நெட்டிலும் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930.

அம்மாவின் மாத்திரைக்கு: 104. தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். எண்ணைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

---

பதில்: அம்மாப்பேட்டை ஆசிரியர்

விவாதம் வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். எனக்குப் பார்வை இல்லை. இந்த இழையையும் போன்தான் எனக்கு வாசித்துக் காட்டுகிறது.

"பி மை ஐஸ்" என்று ஓர் ஆப். 2015-ல் வந்தபோது, போனைக் காட்டினால் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் பார்த்துச் சொல்வார். 2023-ல் அதில் ஏஐ-யும் சேர்த்தார்கள். கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், பையன் அனுப்பும் போட்டோவில் யார் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் இப்போது யாரையும் தொந்தரவு செய்யாமல் நானே தெரிந்துகொள்கிறேன். பேரக்குழந்தையின் போட்டோவை ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டுப் பார்க்கலாம். அந்தச் சுதந்திரத்தை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு உண்டு. ஆகவே "எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டும்" என்று யாராவது எழுதினால் சுருக்கென்று இருக்கிறது.

ஆனால் உங்கள் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அந்த ஆப்பில் மெஷின் சொன்னது போதவில்லை என்றால் மனிதரைக் கூப்பிடும் பட்டன் அங்கேயே இருக்கிறது. மாத்திரை அட்டையின் காலாவதித் தேதிக்கு நான் மெஷினை நம்புவதில்லை, நேராக மனிதரைத்தான் கூப்பிடுவேன். உங்கள் பேங்க் போனில் அந்தப் பட்டனைத்தான் எடுத்துவிட்டார்கள். எனக்கும் அதே கொடுமைதான். திரையில் தோன்றும் எண்ணை அடியுங்கள் என்று அந்தக் குரல் என்னிடமே சொல்கிறது!

---

பதில்: செவ்வாய்பேட்டை பட்டறை

சார், நீங்க எழுதினது ரொம்ப சரி. உங்ககிட்ட இருந்து அதைப் பிடுங்கணும்னு நான் நினைக்கவே இல்லீங்க. நீங்க கேட்டு வாங்கி வச்சிருக்கீங்க, வேண்டாங்கற இடத்துல வேண்டாங்கறீங்க. எனக்கு வேண்டாங்கற இடமே குடுக்கல, அதுதான் ஆத்திரம். திரையில பாத்து அடிங்கன்னு உங்ககிட்ட சொல்லுதுன்னு படிச்சதும் எனக்கு என் கோவம் சின்னதாப் போச்சு.

சூரமங்கலம் தம்பி, பவர் பட்டன் மாத்திட்டேன். நிம்மதி. அம்மா போனை உங்க கடைக்கே கொண்டாந்துடறேன்.

டிசைனுக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லலீங்க.

---

பதில்: குகை வெள்ளிக்காரர்

அதுக்கு நான் சொல்றேன் மாப்ள. எனக்கும் அதே படம் வந்துச்சு, மயில் கழுத்துதானே? உன் ஆளு ஊர் பூரா அனுப்பியிருக்கான்.

முடியாதுன்னு போன்ல சொல்லாத. அவனுக்கு அது உன் கையாலாகாத்தனமாத்தான் படும். படத்தைப் பிரிண்ட் எடு, கண்ணி ஒட்டியிருக்கற இடம், மரை இல்லாத இடம் எல்லாத்தையும் சிவப்புப் பேனாவுல வட்டம் போடு. பக்கத்துலயே ஒரு பழைய கொலுசை வச்சு, கண்ணியை விரல்ல தூக்கிக் காட்டி வீடியோ எடு. "இது இதுக்குள்ள போனாத்தான் கால்ல நிக்கும்"னு வாயால சொல்லு. வியாபாரின்னாலும் பாதிப் பேருக்குக் கொலுசு எப்படிக் கோக்கறாங்கன்னே தெரியாதுப்பா, விக்கத்தான் தெரியும். மேனகா பின்னலா, வேற பின்னலான்னு கேட்டா முழிப்பான்.

அப்புறம் உன் பக்கத்துல இருந்து கேக்க வேண்டியதைக் கேளு: எத்தனை இஞ்ச், ஜோடி எடை எவ்வளவு, டச் என்ன, சலங்கை வரிசை ஒத்தையா ரெட்டையா. அந்த நாலும் எழுத்துல வராம வேலையைத் தொடங்காத. அந்த எடையில எந்த அகலம் வரும்னு பென்சில்ல நீயே வரைஞ்சு அனுப்பு. புதுசா டை வெட்டணும்னா டைக்கூலி அட்வான்ஸ். அட்வான்ஸ்னு சொன்னதும் பாதிப் படம் காணாமப் போயிடும்.

என் பையன் என்ன பண்றான்னா, அவங்க அனுப்பற படத்துல செய்யக் கூடியது ஒண்ணு ரெண்டு இருக்குமே, ஒரு பூ, ஒரு வளைவு, அதை மட்டும் எடுத்து நம்ம பழைய பேட்டர்ன்ல ஏத்திடறான். போன மாசம் அப்படி ஒரு தாமரை மொட்டு நல்லா ஓடுச்சு. எனக்கு அது பிடிக்கல. கடைக்காரனுக்குப் பிடிச்சிருக்கு, விடு.

ராஜ்கோட் பூச்சாண்டிக்கெல்லாம் அசையாத. அங்கயும் இதே படத்தை வச்சுக்கிட்டு ஒருத்தன் தலையைப் பிச்சுக்கிட்டுத்தான் இருப்பான்.

---

பதில்: செவ்வாய்பேட்டை பட்டறை

மாமா, வட்டம் போட்டு வீடியோவோட அனுப்பிட்டேன். ராத்திரி வரைக்கும் பதில் இல்ல. காலையில கூப்பிட்டு, "இதை வரைஞ்சது என் பொண்ணு, காலேஜ் படிக்குது, கோவிச்சுக்காதீங்க"ங்கறார்! பொண்ணுகிட்டயே பேசினேன். நல்ல பொண்ணு. கண்ணின்னா என்னன்னு கேட்டுச்சு, கேமராவைப் போட்டு பட்டறையையே சுத்திக் காட்டினேன். பத்த வைக்கறதைப் பாத்துட்டு "அங்கிள், இதெல்லாம் கையிலயா பண்றீங்க?"ன்னு கேட்டுச்சு. பழைய சாம்பிள் ஒண்ணை கொரியர்ல அனுப்பறேன்னு அவங்கப்பா சொல்லியிருக்கார், 70 கிராம்ல பேசியிருக்கோம்.

அஸ்தம்பட்டி ஐயா, கிளையில சீல் வாங்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே ஆன்லைன்ல போடச் சொன்னாங்க, நின்னு வாங்கினேன். முப்பது நாள் கெடு அடுத்த மாசம்தான் முடியுது. பணம் வந்தா இங்கயே எழுதறேன். வரலைன்னா 14448-ல என்ன கேக்கணும்னு உங்களைத்தான் கேப்பேன்.